வெள்ளிக்கிழமை ஆடுகளின் சிறுநீரகக் கல்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. மற்றவர்கள் தடுக்கி விழுந்தால் எழும்பிப் போய்விடுவார்கள். படித்தவன் விழுந்ததற்குக் காரணம் சொல்லி வரைபடமும் போடுவான். நான் வரைபடம் போட்டவன் (அதுவும் கலரில்).

அப்போது யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஆட்டின் சிறுநீரகத்தை மெல்லிசாகச் சீவி, அகச்சிவப்பு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் படமெடுப்பது என் வேலை. சாயம் எதுவும் பூசத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் இழையத்துக்குள் புகுந்து, எங்கே புரதம், எங்கே கொழுப்பு, எங்கே கல் தொடங்குகிறது என்று நிறம் பிரித்துக் காட்டிவிடும். மேலே ஒரு தூசி விழுந்தாலும் அதையும் காட்டும் என்பதால், துண்டை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

சில மாதங்களில் ஓர் அதிசயம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அளந்த துண்டுகளில் மட்டும் கல்லுத் துகள்கள் கொட்டிக் கிடந்தன. புத்தியுள்ளவன் தன்னைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் ஆட்டைச் சந்தேகப்பட்டேன். இறைச்சிக் கடைக்காரரை விசாரித்தபோது, வியாழக்கிழமை வருகிற (மறுநாள் என் மேசைக்கு வந்துவிடும்) ஆடுகள் பண்டத்தரிப்புப் பக்கத்தவை என்றார். போதாதா? அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதனால்தான் ஆட்டுக்குக் கல் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். அதை வீட்டில் வாசித்துக் காட்டியதும், அம்மா பண்டத்தரிப்பில் இருக்கும் சித்திக்குப் போன் எடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்.

வாய்மொழிப் பரீட்சையும் ஒரு வெள்ளிக்கிழமையில்தான் வந்தது. பட்டம் கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக் கோயிலுக்கு வழமைபோல் போனேன். அன்று அம்மாவும் கூட வந்தார்.

"பயப்பிடாதை, முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்று நெற்றி நிறைய விபூதி பூசினார். போதாதென்று இன்னொரு கை அள்ளி அதற்கு மேலும் பூசினார்.

வெளியூரிலிருந்து பரீட்சகராக வந்த பேராசிரியை என் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஏன் தம்பி, வெள்ளிக்கிழமையில மட்டும் கல்லு?"

"அது பண்டத்தரிப்பு ஆடு, மடம்."

"ஒருக்கால் மெசினிலை செய்து காட்டுங்கோ. முதல்ல ஒண்டும் இல்லாத வெறும் தட்டை வையுங்கோ."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, பயபக்தியோடு குனிந்து தட்டை வைத்தேன். திரையில் நிறம் நிறமாகப் பூத்தது. தட்டு முழுக்கக் கல்!

"தம்பி, இதிலை ஆடு எங்கை?"

"ஆடு இல்லை, மடம்."

"கிட்னி?"

"அதுவும் இல்லை, மடம்."

"அப்ப இது ஆருடைய கல்லு?"

பேசிக்கொண்டே என் நெற்றியைப் பார்த்தார். என் மேற்பார்வையாளரும் பார்த்தார். பதற்றத்தில் வியர்வையைத் துடைக்கக் கையை வைத்தேன். இன்னும் கொஞ்சக் கல் தட்டில் உதிர்ந்தது.

"நீர் வெள்ளியிலை கோயிலுக்குப் போறனீரோ?" என்று மேற்பார்வையாளர் மெல்லக் கேட்டார்.

"ஓம், சேர்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கருவி ஒரு பிழையும் விடவில்லை. விபூதிச் சாம்பலில் இருந்த சுண்ணாம்பை வாராவாரம் ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முழுவதையும் திரும்பச் செய்யச் சொன்னார்கள். கல்யாணம் தள்ளிப்போனது. அம்மா மட்டும் அசையவில்லை. "விபூதியிலை என்ன பிழை? நீ ஏன் உவ்வளவு குனிஞ்சனீ?" என்றார். சித்தி இன்றுவரை என்னோடு தண்ணீரைப் பற்றிக் கதைப்பதில்லை.

போன வருடம் அப்பாவுக்கு முதுகுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இளம் டொக்டர் ஸ்கான் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குக் கல்லு இருக்கு" என்றார். அவர் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது.

அம்மா திரையைப் பார்த்தார். டொக்டரின் நெற்றியைப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னார்:

"தம்பி, குறை நினையாதேங்கோ. முகத்தைக் கழுவிப்போட்டு ஒருக்கால் திரும்பப் பாருங்கோ."