பையனுக்கு வயது நாற்பத்தாறு

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், மன்னித்துப் படியுங்கள்.

மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் நான் வெல்டிங் ஹெல்பர். வெல்டராக வேண்டுமானால் ஐடிஐ சர்டிபிகேட் வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஐடிஐ பெரியதா, டிப்ளமோ பெரியதா, எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. கல்யாணம் ஆகவில்லை, பம்மலில் ஒற்றை அறை. (டேபிள் ஃபேனிடம் எதைக் கேட்டாலும் இல்லை என்றுதான் தலையாட்டும்.)

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி போட்டிருந்தார்கள். எல்லோரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நான் மஞ்சள் பையோடு போயிருந்தேன்.

மேஜையில் இருந்த பெண் கேட்டாள். "பையன் வரலையா அங்கிள்?"

எனக்குத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் பெரிய வரிசை. "வரலம்மா" என்றுதான் வந்தது.

"எது வரைக்கும் படிச்சிருக்கான்?"

"அஞ்சாவது."

"அஞ்சாவது படிக்கிறானா?"

"முடிச்சிட்டான்மா. கொஞ்ச நாளாச்சு."

"வயசு?"

பொய் சொல்லிப் பழகாதவன் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுவான். "நாப்பத்தாறு" என்றேன்.

பேனா நின்றது. "அப்ப உங்களுக்கு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"பையனுக்குக் கூச்சம் ஜாஸ்தி போல. பரவால்ல, அவன்கிட்ட சொல்லிடுங்க. மொதல்ல தனித்தேர்வு எழுதி எட்டாவது பாஸ் பண்ணணும். அப்புறம் ஐடிஐல வெல்டர் படிக்கலாம். வயசு வரம்பு இடத்துக்கு இடம் மாறும், கேட்டுட்டு சேரணும். பத்தாவதும் முடிச்சா டிப்ளமோ. அது முடிஞ்சா நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ஒண்ணொண்ணா ஏறினா போதும்."

"சொல்லிடறேன்மா."

இதை சேலையூரில் இருக்கும் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போதெல்லாம் சோறு போடும்போதே ஆரம்பித்துவிடுகிறாள். "உன் புள்ள ஒழுங்கா படிக்கிறானாடா?" மாமாவும் விடமாட்டார். "கண்டிச்சு வைப்பா. சேர்க்கை சரியில்லன்னு கேள்வி."

சிரித்துவிட்டு பஸ் ஏறி வருகிறேன். அறைக் கதவைத் திறந்ததும், "டேய், மூஞ்சி கழுவிட்டுப் படி" என்று சத்தமாகவே சொல்கிறேன். உள்ளே இரண்டு பேர் இருப்பது போல இருக்கிறது.

நாளை அவனுக்கு எட்டாவது பரீட்சை, முதல் தாள் தமிழ். இதில் நான் விட்ட பிழைகளை அவன் விடாமல் இருக்க வேண்டும்.

பம்மல்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.