கறுப்பு நாய் வரும், வழி விட்டு நில்லுங்கள்

நாலு வயதுப் பிள்ளையிடம் எதைச் சொன்னாலும் அது வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் நாம் சொன்னபடி போய்ச் சேராது. காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்த பிள்ளை மத்தியானம் எந்த நிறத்தில் வீடு திரும்புகிறதோ, அதே கதிதான் நம் பேச்சுக்கும். பாலர் பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் அப்போது தெரியாது.

சிடாம் கிரி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு முதல் வேலை. கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பழைய ஆயாக் கொட்டகைக்கு மஞ்சள் சாயம் பூசி, சுவரில் முயலும் யானையும் வரைந்து, பாலர் பள்ளி ஆக்கியிருந்தார்கள். (யானைக்கும் முயலுக்கும் காது ஒரே அளவு. வரைந்தது நான்தான்.) பின்னால் ரப்பர் மரங்கள். முன்னால் செம்மண் சாலை. சாலை வளைவில் முனியாண்டி கோயில். நான் தினமும் பாக்கார் ஆராங்கிலிருந்து அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் வருவேன். அப்போதுதான் பினாங்கில் ஏதோ பயிற்சி முடித்திருந்தேன். பிள்ளைகள் எதையும் நடித்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தோட்டத்தையே திருத்திவிடலாம் என்ற மிதப்பில் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சதாசிவம் அண்ணன் என்னைத் தேடி வந்தார். பாலிங் பக்கம் பலகை லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்களையும் கொண்டு போய்விட்டது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருந்த தங்கை வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தார். அவருக்கு வழிகாட்டி நாய் ஒன்று கிடைத்திருந்தது. நல்ல கறுப்பு. பயிற்சியாளர் கூட வர, எங்கள் சாலை வழியாகக் கடைத்தெருவுக்கு ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறார். பெரியவர்கள் எல்லாரும் பால்மரம் சீவவும் சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளுக்கும் போயிருந்த நேரம். பள்ளி திறக்கும் முன் சாலையில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் என் பாலர் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் நாயைப் பார்த்துக் குரைத்து, ரம்புத்தான் தோலை வீசி, ஒருவன் நாய்மேல் கட்டியிருந்த கைப்பிடியையே பிடித்து இழுத்து, அண்ணன் சாலையோர லொங்காங் சாக்கடையில் விழாத குறை.

"பிள்ளைங்கள குத்தம் சொல்லல டீச்சர்," என்றார். "நாயப் பாத்தா நம்ம சனத்துக்குக் கல்லெடுக்கத்தான் தெரியும். ஆனா இது பயந்து போச்சின்னா அப்புறம் வேலைக்கு ஆகாதாம். திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. நான் மறுபடியும் ரூமுக்குள்ள ஃபேன் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கவலைப்படாதீங்கண்ணே. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நாயோட வாங்க. அதுக்குள்ள நான் சொல்லிக் கொடுத்துடறேன்லா," என்றேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் பார்க்கட்டுமே என்றுதான் அந்த நேரத்தைச் சொன்னேன். உச்சி வேளையில் கோயில் வளைவைத் தாண்டி யாரும் நடக்க மாட்டார்கள் என்பது அந்தத் தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியும். நான் டவுனில் வளர்ந்தவள்.

அன்றைய பாடத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தேன். கறுப்புக் குப்பைப் பையைக் கிழித்து மேலே போட்டுக்கொண்டு, நாலு காலில் தவழ்ந்து, நாக்கை நீட்டி மூச்சு வாங்கி நாயாக நடித்தேன். பிறகு எழுந்து விதிகளைச் சொன்னேன். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு கறுப்பு நாய் வரும். கண் தெரியாத ஒரு மாமாவை அழைத்து வரும். அது வேலையாக வருகிறது, அதனால் தொடக்கூடாது. கூப்பிடக்கூடாது. அதன் பெயரைச் சொல்லக்கூடாது, கவனம் கலைந்துவிடும். சாப்பாடு காட்டக்கூடாது. கண்ணை உற்றுப் பார்க்கக்கூடாது. சத்தம் போடாமல் வழி விட்டு நிற்க வேண்டும். பேசுவதானால் மாமாவிடம்தான் பேச வேண்டும். உதவட்டுமா என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் பாட்டு மாதிரி ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் தொழிலாளர் லயத்து வீடுகளில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் உட்காரும் தர்ஷினி, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "நாளைக்கு உச்சி நேரத்துல கறுப்பு நாய் வருமாம்மா. கண்ணு இல்லாத ஒருத்தரக் கூட்டிக்கிட்டு வருமாம். பேரச் சொல்லக் கூடாதாம். கண்ணப் பாக்கக் கூடாதாம். வழி விட்டு நிக்கணுமாம்."

அவள் அம்மாவுக்குக் கையில் இருந்த கரண்டி விழுந்துவிட்டது. முனி நடமாட்டத்தைப் பற்றி அந்தத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்ததும் அதேதான், வரிசைகூட மாறாமல். போதாததற்கு, திருவிழாவுக்குச் சாயம் பூச என்று கோயில் பீடத்திலிருந்த நாய்ச் சிலையைப் போன வாரம்தான் சுங்கை பட்டாணிக்கு அனுப்பியிருந்தார்கள். பீடம் காலி. சிலை எங்கே போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"யாருடி சொன்னது?"

"டீச்சர். அவங்க கறுப்புத் துணி போட்டுக்கிட்டு நாலு காலுல நடந்தாங்க. நாக்கு வெளிய வந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு இதெல்லாம் சொன்னாங்க."

அவ்வளவுதான். டீச்சருக்கு அருள் வந்து வாக்குச் சொன்ன செய்தி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் தோட்டம் முழுக்கச் சுற்றியது. இருந்த எல்லாக் குழுவிலும் அது போனது. நான் இருந்த குழுவைத் தவிர.

மறுநாள் ஜெரேபு. புகைமூட்டத்தில் சூரியன் பழைய காசு மாதிரி மங்கித் தொங்கியது. நான் வரும்போது சாலையில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. வீட்டு வாசல்களில் வேப்பிலைக் கொத்து. கதவுகள் சாத்தியிருந்தன. சன்னல் இடுக்கு வழியாக யாரோ பார்ப்பது தெரிந்தது. நான் கையசைத்ததும் சன்னல் சாத்தப்பட்டது. ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஒரு பிள்ளையும் பேசவில்லை. ஓடவில்லை, அடித்துக்கொள்ளவில்லை, ஒன்றுக்குப் போகவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது பார் என்று பூரித்தேன். (இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.) பதினொன்றரைக்கு மேல் வேலிக்கு வெளியே பெற்றோர் சேர ஆரம்பித்தார்கள். பால்மரத்திலிருந்து நேராக வந்தவர்களும், எம்சி எடுத்துத் தொழிற்சாலைக்கு மட்டம் போட்டவர்களும். வாயிலுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாரும் வெறுங்காலோடு அசையாமல் நின்றார்கள். பெற்றோர் ஒத்துழைப்பு என்று பினாங்கில் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது என்று எண்ணி, ஒரு அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கைகூப்பினார்.

மணி பன்னிரண்டு ஆனது. பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தினேன். ரப்பர் காய்கள் வெடிக்கும் பருவம். தூரத்து மரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு எங்களுக்குப் பக்கத்தில். யாரோ மரம் மரமாகத் தட்டிக்கொண்டு வருவதுபோல இருந்தது. அப்புறம் புகைக்குள்ளிருந்து சங்கிலி குலுங்கும் மெல்லிய ஓசை. முதலில் நாய் தெரிந்தது, கறுப்பாக, தலையைத் திருப்பாமல். பிறகுதான் அதன் பின்னால் உயரமாக, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு உருவம். வருவது யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய போன் நம்பரே என்னிடம் இருந்தது. இருந்தும் நானும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன்.

"வணக்கம்," என்றார் அண்ணன். "டீச்சர்?"

நான் பதிலுக்குக் கைகூப்பினேன், அவருக்குக் கண் தெரியாது என்பதை மறந்து.

அன்று தான் பட்ட பாட்டை அவர் பிறகு சொன்னபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பாலர் பள்ளி என்றால் வாசலிலேயே இரைச்சல் கேட்கும் என்று நினைத்து வந்தவருக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் நாலு பக்கமும் மூச்சுச் சத்தம். கற்பூர வாசனை. சுருட்டுப் புகை. நாய் வாசற்படியில் நின்றுவிட்டது, நகர மறுத்தது.

"டீச்சர்," என்றார் மறுபடியும். "இங்க யாரும் செத்துட்டாங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவர் காலில் விழுந்தார். "அப்பா! என் வீட்டுக்காரனுக்கு ஒரு நல்ல புத்தியக் குடுப்பா!" கண் தெரியாத மனிதர் காலை யாரென்று தெரியாத இரண்டு கைகள் பிடித்தால் என்ன செய்வார்? "ஐயோ!" என்று அலறினார். சாமி அலறியதும் சனம் பதிலுக்கு அலறியது. தர்ஷினியின் சித்தப்பா முருகேசன் தோளில் தயாராக மாட்டியிருந்த உறுமியை அடிக்கத் தொடங்கினார்.

நாய் நடுங்கியது. வால் கால்களுக்கு இடையே போனது. "டீச்சர், மேளத்த நிறுத்தச் சொல்லுங்க! நாய் பயப்படுது! எல்லாம் போச்சு டீச்சர்!" என்று கத்தினார் அண்ணன். அவர் முகத்தைப் பார்த்தேன். நாயை இழந்து அறைக்குத் திரும்பப் போகும் மனிதனின் முகம் அது. அதற்கு நான் நாள் குறித்து, நேரம் குறித்து, ஆளும் சேர்த்திருக்கிறேன்.

நான் பாய்ந்தேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று முடி அவிழக் கத்தினேன்.

"டீச்சருக்கு வந்துருச்சு!" என்றது கூட்டம். உறுமி இன்னும் வேகமானது. யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நான் கத்தக் கத்த மேளம் ஏறியது. வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கவனித்ததில்லை. அவ்வளவு முழுசாக யாரும் என் பேச்சைக் கேட்காமல் இருந்ததுமில்லை.

மேளத்தை நிறுத்தியது தர்ஷினி. வரிசையிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சித்தப்பா முன்னால் போய் நின்றாள்.

"சத்தம் போடக் கூடாது! அது வேல செய்யிது! டீச்சர் நேத்தே சொல்லிட்டாங்க!"

முருகேசனின் கை அந்தரத்தில் நின்றது. அவள் நாயின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அண்ணனிடம் போனாள்.

"மாமா, நான் ஒதவட்டுமா?"

அண்ணன் குரல் வந்த பக்கம் குனிந்தார். பிறகு, "செய்யி தாயி," என்றார்.

"முன்னால படி இருக்கு. படியில எலுமிச்சங்கா அறுத்து வச்சிருக்காங்க, கற்பூரம் எரியிது. அதான் நிக்கிது. இருங்க, எடுக்கச் சொல்றேன். அம்மா! இத எடு!"

அவள் அம்மா ஓடி வந்து எடுத்தார். நாய் மெல்ல வாலை நிமிர்த்தி, படியேறியது. அண்ணன் உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். தான் யார், எந்த லாரி ஓட்டினார், கண் எப்படிப் போனது என்று நிதானமாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. "அட, நம்ம பாலிங் சதாசிவம்லா!" காலில் விழுந்த பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் ஒருவர் பயந்து பயந்து நாயின் பெயரைக் கேட்டார்.

"கோப்பி," என்றார் அண்ணன். "குடிக்கிற கோப்பிதான்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு முருகேசன் ஆரம்பித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் வெறும் கோமாளியாகத் தப்பியிருப்பேன். திரும்பிப் போகும்போது கோயில் வளைவில், காலிப் பீடத்துக்கு நேர் எதிரே, கோப்பி நின்றது. அண்ணன் "போ" என்றார். போகவில்லை. அவர் ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்ததும் குறுக்கே வந்து அவரைத் தடுத்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அடங்கிப்போனோம். முருகேசன் கிட்டே போய்ப் பார்த்தார். லொங்காங்கை மூடியிருந்த கல் உடைந்து, சருகு மூடிய ஓட்டை ஒன்று ஆள் விழும் அகலத்துக்குக் கிடந்தது. இப்படித் தடுப்பதற்குத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மறுநாளே கல்லை மாற்றிவிட்டார்கள். பலமுறை புகார் கொடுத்தும் யாரும் தொடாத கல் அது.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் அண்ணனை யாரும் மறித்ததில்லை. காடிகூட ஹாரன் அடிக்காமல் ஒதுங்கும். "வழி விடுறாங்க டீச்சர், ஆனா மூச்சு விட மாட்டேங்கிறாங்க," என்று ஒருநாள் வருத்தப்பட்டார். நான் என் பிள்ளைகளை அனுப்பினேன். நாயைப் பார்க்காமல் அவரிடம் மட்டும் அவர்கள் பேசிய பேச்சில், கொஞ்ச நாளில் மனிதர் வேறு வழியில் போகலாமா என்று யோசிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

நான் கல்யாணம் செய்துகொண்டு சுங்கை பட்டாணியில் இருக்கிறேன். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர் பிள்ளைகளிடம், "கற்பூரம் எங்கடா?" என்பார். இந்தக் கேலி என்னோடுதான் முடியும்.

ஆனால் எங்கள் கல்யாணத்தன்று நடந்ததை அவர் கேலி செய்வதில்லை. சதாசிவம் அண்ணன் வேட்டி சட்டையோடு கோப்பியைப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலுக்கு வந்தார். மேலாளர் குறுக்கே நின்று, "நாயெல்லாம் உள்ள விட முடியாது அண்ணே," என்றார். அண்ணன் உடனே திரும்பினார். பல வாசல்களில் அப்படித் திரும்பிப் பழகியவர் என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது. மணமேடையிலிருந்து நான் எழுவதற்குள், தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த சனம் மொத்தமும் நாற்காலிகளை விட்டு எழுந்து நின்றது.

"அது நாய் இல்ல," என்றார் முருகேசன்.

மேலாளர் அந்த முகங்களை ஒருமுறை பார்த்தார். வழி விட்டார். அது பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் என்று திருத்தியிருக்க வேண்டியது ஆசிரியரான என் கடமை. நான் வாயை மூடிக்கொண்டு அண்ணன் முன்வரிசையில் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.