வெள்ளைப் பொடி இல்லாத குடுவை

இனி உலகம் பெட்ரோலியத்தை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை. செடிகொடிகளின் சர்க்கரையே பிளாஸ்டிக்காகிவிடும். இந்த மாபெரும் யுகமாற்றம் மூன்றாம் மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் ஆய்வறையில், முனைவரின் நேரடி மேற்பார்வையில் ஆறு வருடமாக நடந்துவந்தது.

யுகமாற்றத்தின் கருவி ஒரு வெள்ளைப் பொடி. "திட வினையூக்கி" என்பது அதன் உத்தியோகப் பெயர். கரைப்பானில் பழச்சர்க்கரையைக் கரைத்து, ஒரு சிட்டிகை பொடி போட்டுச் சூடாக்கிக் கிளறினால், பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் நூற்றுக்கு எண்பது பங்கு வரும். பொடியை நாற்பத்தொரு விதமாகச் செய்து, ஒன்பது கட்டுரைகள் எழுதியிருந்தார் முனைவர். வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. "திருப்தி" என்று எழுதினால் திட்டம் நீளும். இல்லையென்றால் அறை பக்கத்துத் துறைக்குப் போகும். முனைவர் வீட்டுக்குப் போவார்.

புதன்கிழமை காலை மைத்துனர் வந்தார். பெயின்ட் மொத்த வியாபாரி. எதையும் விரலால் தேய்த்துப் பார்க்காமல் நம்பாதவர்.

"இந்தப் பொடி போடாட்டி என்ன ஆகும், அத்தான்?"

"ஒண்ணும் ஆகாது, மாப்ள."

"போடாம செஞ்சு பாத்தீங்களா?"

முனைவர் சிரித்தார். பதில் கைவசம் இல்லாதபோது அறிஞர்களுக்கு வரும் சிரிப்பு அது. "அதெல்லாம் அடிப்படை விஷயம்."

"அதான் கேக்குறேன். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆறு வருடமும் ஒரு பொடியை இன்னொரு பொடியோடு ஒப்பிட்டாரே தவிர, ஒன்றும் போடாத குடுவையோடு ஒப்பிடத் தோன்றவே இல்லை. மைத்துனரை அனுப்பிவிட்டு, பொடியில்லாமல் குடுவையை அடுப்பில் ஏற்றினார். சாயங்காலம் முடிவு வந்தது: எண்பத்திரண்டு. கரைப்பானும் சூடுமே எல்லா வேலையையும் பார்த்திருந்தன. பொடி இத்தனை காலமும் குடுவையின் அடியில் சும்மா உட்கார்ந்து, அவ்வப்போது இடைஞ்சலும் செய்திருக்கிறது.

மறுநாள் முனைவர் குழுவின் முன் எழுந்து நின்றார்.

"ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் பொடி ஒரு வேலையும் செய்யல. அது இல்லாமலே நடக்குது."

ஐந்து பேனாக்கள் நின்றன. குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பொடிச் செலவே கிடையாதா?"

"கிடையாதுங்க."

"வடிகட்டற வேலை?"

"அதுவும் இல்லீங்க."

"இதைப் போய் ஏன் இவ்வளவு அடக்கமா சொல்றீங்க?"

குழு எழுதியது: "மிகவும் திருப்தி. ஆறாண்டு விடாமுயற்சியால் முனைவர் வினையூக்கியின் தேவையையே ஒழித்துள்ளார்." இந்த "ஊக்கியற்ற தொழில்நுட்பத்தை" மேம்படுத்த இன்னும் மூன்று வருடம் தந்தால் போதுமா என்று தலைவர் கேட்டார்.

நேர்மைக்குக் கிடைத்த மரியாதையில் முனைவர் நிமிர்ந்து நின்றார். செருமிக்கொண்டார்.

"அஞ்சு வருஷமாவது வேணுங்க," என்றார். "ஒண்ணும் போடாம இருக்கறதுக்கு இன்னும் ரெண்டு ஆளும் வேணும்."