பால்காய்ப்புக்கு ஒரு ஸ்டூல்

மரவேலை வீடியோ போடுகிறவர்கள் யாருக்கும் அக்கா இருப்பதாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் விறகைக் கண்டதும் அத்தனை தைரியமாகக் கை வைக்க மாட்டார்கள்.

இலத்தூரில் அக்கா கட்டிய புதுவீட்டுக்கு ஆவணியில் பால்காய்ப்பு. கேஸ் அடுப்பு ஆகாது, மூன்று கல் கூட்டி விறகில்தான் பால் பொங்க வேண்டும் என்பது அவள் மாமியாரின் கட்டளை. அதற்கென்றே, மனையில் வெட்டிய பலாமரத்தின் துண்டுகளை ஷெட்டில் காயப் போட்டிருந்தார்கள். ஒன்றைக் கொத்திப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்த கட்டை! (இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் ப்ராஜெக்ட்தான்.) இதையா எரிப்பார்கள் என்று மனசு பதைத்தது. யாரிடமும் சொல்லாமல் அத்தனையையும் தென்காசி அறுவை மில்லுக்கு ஏற்றிப் போனேன்.

வெடிப்பு, புழு, என் அளவு டேப் எல்லாம் தின்றது போக ஒரு ஸ்டூல் தேறியது. நாலு கால் வைத்தேன். தரையில் மூன்றுதான் பட்டது. வார்னிஷை மேலே மேலே அடித்து, அக்காவுக்குப் பரிசாக ரிப்பன் கட்டி வைத்தேன். விறகுக்குப் பதில் விறகு? குற்றாலம் ரோட்டில் வாங்கி, சாரலிலேயே ஸ்கூட்டரில் கொண்டுவந்து அடுக்கிவிட்டேன்.

அன்று விடிகாலை அடுப்பு புகைந்தது, எரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்க, புதுவீட்டைப் பார்த்து உருகுகிறார்கள் என்று வீடியோக்காரர் ஒருவரையும் விடாமல் படம் பிடித்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. பால் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. பொங்காத பாலோடு எப்படிக் குடிபுகுவது என்று மாமியார் முகம் இறுகியது. ஊதி ஊதி ஓய்ந்த அக்கா நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

அத்தான் ஒரு கட்டையைத் தூக்கினார். தண்ணீர் சொட்டியது.

"மாப்ளே, இது அருவியில குளிச்சிட்டுல்லா வந்திருக்கு. நம்ம பலாக்கட்டை எங்கன?"

என் கண் மூலையில் நின்ற ஸ்டூல் பக்கம் போய்விட்டது. அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏலே, அதை இங்கன எடு."

"அக்கா, அது உனக்கு கிஃப்ட்டு..."

"எனக்குத்தானலே? குடுத்துட்டேல்லா?"

அரிவாள் தேவைப்படவில்லை. அத்தான் சும்மா ஒருமுறை உட்கார்ந்தார். கால்கள் தாமாகவே கழன்றன. அடுப்பில் செருகியதும் வார்னிஷ் புண்ணியத்தில் குபீரென்று பற்றியது; நல்ல நேரத்துக்குள் பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமியார் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் நல்ல பாலிஷா இருக்கு தம்பி" என்றார்.

இப்போதும் அக்கா வீட்டில் கேஸ் தீர்ந்தால் அத்தான் ஏஜென்சிக்குப் போன் போடுவதில்லை. எனக்குத்தான் போடுகிறார்.

"மாப்ளே, இந்தத் தடவை டைனிங் டேபிளா செஞ்சு கொண்டாரும்வே. ரெண்டு வாரம் ஓடும்."