நான்கு சதவீதத்துப் போர்

வாழ்க, ஏழாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சைக் கட்டியாண்ட வீராங்கனை! இரட்டைச் சடையாள், வீட்டுப்பாடம் கண்டு கலங்காத் திண்ணெஞ்சினாள், ஒன்பது விரலில் மைக்கறையும் பத்தாவதில் பிளாஸ்திரியும் பூண்ட பெருமாட்டி! அவள் புகழ் பாட நாவுக்கு வலிமை வேண்டி, கரும்பலகைக்கு மேல் என்றோ நின்றுபோன கடிகாரத்தை வணங்கித் தொடங்குகிறோம்.

பன்னிரண்டு நாளாக அவள் ஓர் அவரை விதையை ஈரப் பஞ்சில் கிடத்தி, அது வேர் விட்டதையும் தோல் கிழித்ததையும் தலை நிமிர்ந்ததையும் பள்ளி கொடுத்த டேப்லெட்டில் படம் பிடித்து, ஒரு நிமிட வீடியோவாகக் கோத்து வைத்திருந்தாள். அதை அறிவியல் பாடத்துக்கு அனுப்புவது ஒன்றே பாக்கி. பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்து எல்லா டேப்களையும் அழித்துத் துடைத்து அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய்விடுவார். அப்போது மணி பத்தே முக்கால். திரையின் மூலையில் நடுங்கி நின்றது சார்ஜ், நான்கு சதவீதம்.

முதல் நாள் மாலை, முளையின் கடைசி அசைவைப் பிடிக்கும் ஆவேசத்தில், டேப்பை அலுவலக அறையின் சார்ஜ் அலமாரியில் செருகாமல் டெஸ்க்குக்குள் வைத்துவிட்டாள். அப்படி விட்டவர் பெயர் பலகையில் ஏறும். ஒரு வாரம் டேப்பைத் தொட முடியாது. ஆகவே கேட்டுப் பெற வழியில்லை, கவர்ந்தே தீரவேண்டும்.

அந்த வகுப்பறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். ஆசிரியையின் மேசைக்குப் பின்னே, குப்பைத்தொட்டி கோட்டையாகவும் ஈரக்குடை அகழியாகவும் சூழ அது வீற்றிருந்தது. அதில் காலை முதல் செருகியிருந்தது ஆசிரியையின் செல்போன் சார்ஜர். கைக்கருவி கல்விக்கு மட்டுமே என்று நாள்தோறும் முழங்குபவரின் உடைமை அது. அதன்மேல் விரல் வைத்த மாணவர் பிறக்கவில்லை.

மூண்டது போர். கண்ணாடி போட்ட பெஞ்சுத் தோழி, ஒற்றரில் தலைசிறந்தவள், ஜன்னலோரம் சென்று ஒளிச்சேர்க்கையில் சந்தேகம் என்றாள்; தீர்ந்ததும் இலையில் சந்தேகம் என்றாள்; அதுவும் தீர்ந்ததும் வெயிலிலேயே சந்தேகம் என்றாள்.

“காலைலேர்ந்து தூங்கிட்டு இப்பதான் உனக்குச் சந்தேகமே வருதாம்மா?” என்று சலித்துக்கொண்டே ஆசிரியை மேசைக்கு முதுகு காட்டினார்.

அக்கணமே நம் நாயகி, டேப்பையும் சார்ஜரையும் இடுப்பில் செருகி, இரு கையூன்றி முழந்தாளிட்டு, பதினான்கு ஜோடிக் காலணிக் கானகத்தைக் கடந்து, உருண்டு கிடந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தாண்டி, மூக்கருகே நீட்டிய ஒரு சாக்ஸின் நெடியையும் மூச்சடக்கி வென்று, மேசையடியில் தலைநீட்டினாள். அங்கே முதல் பெஞ்சின் காவல் தெய்வமாகிய வகுப்புத் தலைவி குனிந்து பார்த்தாள்.

“ஏய், அது மிஸ் சார்ஜர்டி. சொல்லிடுவேன்.”

“சொல்லிக்கோ. அனுப்பிட்டு வந்து திட்டு வாங்கிக்கிறேன்.”

சொன்னவள் பிடுங்கினாள், தன் சார்ஜரைச் செருகினாள், ‘அனுப்பு’ என்பதை அழுத்தினாள். எதிரியின் கோட்டையில் கொடி நட்ட களிப்போடு திரையை நோக்கினாள். நான்கு மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று. ஏன் ஏறவில்லை என்று வயரை அமுக்கினாள், திருகினாள், ஊதினாள். இரண்டு ஒன்றாகி, அவரைக்கொடி பாதி வழியில் நிற்க, திரை இருண்டது. வாளுருவப் போய் உறையில் வாளே இல்லாதது கண்டவள்போல் தரையில் அமர்ந்தாள். பிளாஸ்திரி விரலால் கண்ணைத் துடைத்தாள்.

வகுப்புத் தலைவி எழுந்து முறைப்படி குற்றத்தை அறிவித்தாள். ஆசிரியை வந்தார். தன் செல்போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். அதுவும் எப்போதோ செத்திருந்தது. டேப்பைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாசலில் கம்ப்யூட்டர்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.

“தம்பி, நீங்க பக்கத்து கிளாஸ முதல்ல முடிச்சிட்டு வாங்க,” என்றார் ஆசிரியை. பிறகு தரையில் இருந்தவளிடம், “அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து நிமிஷம், மிஸ்.”

ஆசிரியை குனிந்து, காலையிலிருந்து போடாமலே இருந்த சுவிட்சைப் போட்டார்.