மேல்மாடிக் கெட்டிமேளம்

அய்யாவுவின் மேளக் கோஷ்டியை ஏற்றி வந்த வேன் திகாம் பத்துவில் டயர் வெடித்துப் படுத்துவிட்டது. இங்கே சுங்கைப் பட்டாணியில், கீழ்மாடி மண்டபத்தில், காளிதாசனின் தங்கை சாந்தினி மணவறையில் உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"மேளச் சத்தம் கேக்காம தாலி கட்டக் கூடாதுன்னு ஐயரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு!" மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள் காளிதாசனின் மனைவி ஷீலா.

"பயப்படாத லா. எதுக்கு ஸ்டூடியோ வெச்சிருக்கேன்?"

அதே கட்டடத்தின் மேல்மாடியில்தான் அவனுடைய ஸ்டூடியோ. கதவைச் சாத்தினால் ஊரே இடிந்தாலும் உள்ளே கேட்காது. கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் பக்கத்திலிருக்கும் மேளப் பெட்டி வயர் வழியே மேள ஒலியை அனுப்பும். அந்தப் பெட்டியிலிருந்து மண்டபத்து ஸ்பீக்கருக்கு ஒரு நீள வயரை இழுத்துவிட்டிருந்தான். தாயில்லாத தங்கைக்குத் தன் கையால் மேளம் என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஐயரு கை காட்டுனதும் கீழேருந்து ஃபோன் வரும். அதுக்குள்ள டெஸ்ட் பண்ணிடுவோம்."

கம்ப்யூட்டரில் செருகியிருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினான். காதில் ஒன்றும் விழவில்லை.

"பேசாம எல்லாத்தையும் கீழ தூக்கிட்டுப் போயிடலாமே?"

"பதினாலு வயரையும் கழட்டி மாட்டுறதுக்குள்ள அவங்களுக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்!"

வால்யூமைக் கடைசிவரை திருப்பிவிட்டு மறுபடி தட்டினான். அப்போதும் சத்தமில்லை.

மற்ற பெட்டிகள்தான் குறுக்கே நிற்கின்றன என்று அவற்றின் வயர்களைப் பிடுங்கினான். கூடவே கம்ப்யூட்டரும் அணைந்தது.

"அலாமாக்!"

மூன்றாவது தடவை தட்டினான். பயனில்லை. ஷீலா கீழே ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எல்லாரும் கோவமா இருக்காங்க போல. ஃபோன எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

காளிதாசனுக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கி வளர்த்த தங்கையின் கல்யாணம் தன்னால் நிற்கப் போகிறதே என்று கீபோர்டை ஓங்கி ஒரு குத்து விட்டான்.

கதவு திறந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை விக்னேஸ்வரன் நின்றான்.

"ஐயோ, மணவறைய விட்டு எந்திரிச்சே வந்துட்டாரு!" என்று ஷீலா தலையில் கை வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க மாப்ள, எவ்வளவோ பார்த்துட்டேன், சத்தமே வரல."

"என்னா மச்சான், நீங்க மூணு தடவ கெட்டிமேளம் அடிச்சீங்க, நானும் மூணு முடிச்சும் போட்டுட்டேன், இப்ப நாலாவது எதுக்குன்னு ஐயரு கேட்டுட்டு வரச் சொன்னாரு!"