நல்லகாமன் திரும்ப வாங்கிய கார்

ஒரு மனிதன் செத்துப்போனான் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். ஒரு கார் செத்துப்போனது என்பதை இன்சூரன்ஸ் ஆபீஸ் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இரண்டும் உயிரோடு இருப்பதாகத்தான் அர்த்தம். நாடு இப்படித்தான் ஒழுங்காக நடந்து வருகிறது.

திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் நல்லகாமனிடம் ஒரு கார் இருந்தது. சீமையில் செய்தது, சிவப்பு நிறம், மேல்கூரை கிடையாது. கூரை இல்லாத வீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். கூரை இல்லாத காருக்கோ அப்படி ஒரு மதிப்பு. இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான். வருஷம் முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் திரிகிற ஆள், அன்றைக்கு ஒருநாள் கோட்டும் சூட்டும் போட்டு, பொழுது சாய்ந்த பிறகு கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பிள்ளையார் கோயில் வாசலில் ஏறி உட்காருவான். நாயனமும் தவிலும் முன்னால் போகும். கார் பின்னால் ஊரும். மூன்று தெரு தள்ளி இறங்கும்போது அவனுக்கே அவனை அடையாளம் தெரியாது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ஒரு புளியமரத்தை வெட்டினார்கள். மரம் கிழக்குப் பக்கமாக விழும் என்று முறைப்படி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மரத்துக்குப் படிக்கத் தெரியாது. மேற்கே விழுந்தது. மேற்கேதான் கார் நின்றது.

முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. எஞ்சின் இரண்டாகப் பிளந்திருந்தது. ஆட்கள் கூடித் தள்ளிக்கொண்டுபோய் நல்லகாமனின் மாட்டுக்கொட்டகையில் சேர்த்தார்கள்.

மதுரையிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீசர் அனந்தநாராயணன் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு காரை மூன்று சுற்றுச் சுற்றினார். கோயிலாக இருந்தால் விழுந்து கும்பிட்டிருப்பார். ஆபீஸ் விஷயம் என்பதால் எழுதினார்.

"முழு இழப்பு, மிஸ்டர் நல்லகாமன்."

"அப்படின்னா என்னங்க சார்?"

"கார் போயாச்சு. இந்த நிமிஷத்திலேர்ந்து இது எங்க கம்பெனி சொத்து. உங்க கொட்டகையிலே இருக்கு, அவ்வளவுதான். வேணும்னா நீங்களே திரும்ப வாங்கிக்கலாம். நஷ்ட ஈட்டிலே அதுக்குண்டான தொகையைக் கழிச்சுப்போம்."

"போயாச்சுன்னா எதை சார் வாங்குறது?"

"போனதைத்தான்."

பின் சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. அனந்தநாராயணன் அதையும் பார்த்தார்.

"இது யாருடையது?"

"கோழி என்னுது" என்றாள் நல்லகாமனின் மனைவி மாயக்காள்.

"சீட்டு எங்களுடையது" என்றார் அவர். முட்டையைப் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்.

வாங்கலாமா, வேண்டாமா? இதுதான் பிரச்சினை. ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காரே வைத்திராதவர்கள் ரொம்ப உறுதியாகச் சொன்னார்கள். சாதாரண நாளாக இருந்தால் நல்லகாமன் வேண்டாம் என்று விட்டிருப்பார். ஆனால் ஆவணியில் அவர் மகள் ஒச்சாயிக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளை மலைச்சாமி பி.ஏ. படித்தவர், பெல்பாட்டம் போடுகிறவர். கார் நசுங்கிய சேதி கேட்டதும் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்: "ஊரான் பிள்ளையெல்லாம் அவர் காரில் போனான். சொந்த மருமகன் நான் நடந்து வரணுமா? கார் இல்லையென்றால் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்."

ஒச்சாயி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏப்பா, அவரு காரைக் கட்டிக்கிறாரா, என்னையக் கட்டிக்கிறாரா?"

"ரெண்டுந்தான் ஆத்தா. அழைச்சிட்டுப் போறது ஒன்னைய மட்டும்."

நல்லகாமன் மெக்கானிக் முத்திருளனைக் கூப்பிட்டுக் காட்டினார். முத்திருளன் எஞ்சின் மூடியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்னப்பா, தேறுமா?"

"எஞ்சின் தேறாதுண்ணே. இதுக்குச் சாமான் சீமையிலயே கிடைக்காது. ஆனா ஒண்ணு கேக்கேன். இது என்னைக்காவது மேளத்தை முந்திப் போயிருக்கா?"

"போனா ஒதைப்பாங்க."

"பெறகு எஞ்சின் எதுக்குண்ணே? மூணு தெரு. நாலு பேரு பின்னாடி நின்னு தள்ளுனா முடிஞ்சுது. நான் தகரத்த நிமித்திப் பெயிண்டு அடிச்சுத் தாரேன். ஸ்டீரிங்க நானே பிடிச்சுக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியப் போறதில்ல, கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரு."

நல்லகாமனுக்கு இது நியாயமாகப் பட்டது. தன் கொட்டகையில் இருந்த தன் காரைத் தானே திரும்ப வாங்கினார். கோழிக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்து மோட்டார் வாகன ஆபீஸ். செத்த கார் ரோட்டுக்கு வருவதென்றால் அனுமதி வேண்டும். அங்கே ஹாலாஸ்யம் என்று ஒரு அதிகாரி. மூக்குப்பொடி டப்பாவை மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எஞ்சின் நம்பர்?"

"எஞ்சின் இல்லைங்க."

"இல்லையா? எஞ்சின் இல்லாதது மோட்டார் வாகனம் ஆகாது. வண்டி. வண்டிக்கெல்லாம் இந்த மேஜையில்லை. அடுத்த மேஜைக்குப் போம்."

அடுத்த மேஜையில் யாரும் இல்லை. நல்லகாமன் அதன் எதிரில் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஹாலாஸ்யம் எழுந்தார், சோம்பல் முறித்தார், அடுத்த மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டுக்கும் அவர்தான் அதிகாரி.

"யார் நீர்?"

"நான்தாங்க. இப்ப அங்கன பேசுனேனே."

"அங்கே பேசினது அந்த மேஜை. இங்கே முதல்லேர்ந்து சொல்லும்."

நல்லகாமன் முதலிலிருந்து சொன்னார். ஹாலாஸ்யம் முதல் தடவை கேட்பது போலவே ஆச்சரியப்பட்டார்.

"சரி, எது இழுக்கும்?"

"நாலு ஆளு தள்ளுவாங்க."

"ஆள் தள்ளினா அது கைவண்டி. கைவண்டியிலே மனுஷன் உட்காரப்படாது. மனுஷனை மனுஷன் இழுக்கிறதைச் சர்க்கார் நிறுத்தியாச்சு. கைவண்டியிலே சாமான் மட்டும்தான்."

"மாப்பிள்ளையச் சாமான்னு எழுதிக்கங்க சார்."

ஹாலாஸ்யம் யோசித்தார். பாரத்தைப் புரட்டினார். "எத்தனை கிலோ?"

"அது தெரியலைங்க."

"எடை தெரியாம சாமான்னு எழுத முடியாது. எடைபோட்டுச் சீட்டு வாங்கிண்டு வரணும்."

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தராசில் ஏற்றினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? நல்லகாமன் கையைப் பிசைந்தார்.

"வேற வழி இல்லைங்களா சார்?"

"ஏன் இல்லை? ரெண்டு மாட்டைக் கட்டும். மாட்டு வண்டின்னு பதிஞ்சு தகடு தரேன். மாட்டு வண்டியிலே மனுஷன் தாராளமா உட்காரலாம். எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்திலே மாட்டுத் தொடையிலே போட்டிருக்கிற சூட்டுக் குறியை எழுதிக்கலாம். பாரத்திலே காலி இடம் இருக்கப்படாது பாரும்."

இப்படியாக, சட்டத்துக்கு ஒரு குறையும் வராமல், அந்தச் சிவப்புக் கார் மாட்டு வண்டி ஆயிற்று. பம்பரில் தகரத் தகடு தொங்கியது. முத்திருளன் முன்னால் ஒரு கட்டையை நீட்டி நுகத்தடி கட்டினான். நல்லகாமனின் உழவு மாடுகள் இரண்டுக்கும் கொம்பில் சிவப்புப் பெயிண்டு. காருக்கு அடித்ததில் மிச்சம்.

ஆவணி வந்தது. மலைச்சாமி பிள்ளையார் கோயில் வாசலில் காரைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன மாமா இது?"

நல்லகாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புது மாடல் மாப்ள. மதுரையில ஆபீசருகளே கூடி முடிவு பண்ணுனது."

ஆபீசர்கள் என்றதும் பி.ஏ. படித்தவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார்.

மேளம் கிளம்பியது. முத்திருளன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பாம் பாம் என்று ஹாரன் அடித்தான். முதல் தெரு நன்றாகப் போயிற்று. இரண்டாவது தெரு முக்கில் மேளம் வலது பக்கம் கல்யாண வீட்டுக்குத் திரும்பியது. மாடுகளுக்கு வலது பக்கம் ஜோலி இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு இடது பக்கம்தான் கொட்டகைக்குப் போகும். முத்திருளன் ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தான். சக்கரம் திரும்பியது, மாடு திரும்பவில்லை. மாடு ஜெயித்தது. ஊர் வலது பக்கம் போக, மாப்பிள்ளை இடது பக்கம் போனார்.

கொட்டகையில் ஒச்சாயி, கல்யாணப் பெண்தான், பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியில் பருத்திக்கொட்டை கரைத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கல்யாணமானாலும் மாட்டுக்குப் பசிக்கும். நிமிர்ந்து பார்த்தாள். கோட்டு, சூட்டு, மாலை, கண்ணாடி.

"யாரு?"

"மாப்பிள்ளை."

"இங்கன எதுக்கு வந்தீக?"

"நான் வரலை. மாடு கூட்டிட்டு வந்துருச்சு."

ஒச்சாயி கையிலிருந்த பருத்திக்கொட்டையை உதறினாள். "மாட்டுக்கு இருக்கிற அறிவு. நேரா பொண்ணுகிட்டயே கொண்டாந்து விட்டுருக்கு பாருங்க." அப்புறம் மாடுகளுக்குத் தண்ணி காட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தானே முன்னால் நடந்தாள். மாடுகள் அவள் பின்னால் வந்தன. மலைச்சாமி மாடுகளுக்குப் பின்னால் வந்தார். கல்யாண வீட்டு வாசலில் கூட்டம் வாயைப் பிளந்தது. ஒரு கிழவர், "இப்பல்லாம் இப்படித்தான் போல" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

தாலி கட்டி முடிந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மறுநாள் மதுரைக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள்.

அடுத்த முகூர்த்தத்தில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து அதே மாடு, அதே கார், பொண்ணு பிடிக்கக் கயிறு எல்லாம் வேண்டும் என்றார். ஐப்பசியில் சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர், நன்றாக ஓடுகிற காரிலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு மாடு கட்டினார். தையில் மதுரையிலேயே எஞ்சின் வைத்த காரில் மாப்பிள்ளை வருவது கௌரவக் குறைவு ஆகிவிட்டது. சிலர் எஞ்சினைக் கழற்றாமலேயே மேலாக மாட்டைக் கட்டி ஊரை ஏமாற்றினார்கள். பெண் வீட்டார் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இரண்டு கல்யாணம் நின்றுபோயிற்று. ஆகவே எஞ்சின் உண்மையிலேயே கழற்றப்பட்டது என்று ஒரு அனுபவஸ்தர் சான்றிதழ் கொடுக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டது. நல்லகாமனை விட்டால் வேறு ஆள் யார்?

மாட்டுக்கொட்டகையில் ஒரு மேஜை வந்தது. பிறகு ஒரு ரப்பர் ஸ்டாம்பு வந்தது. பிறகு இரண்டாவது மேஜை வந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் குடையோடு ஒருவர் வரிசையில் நின்றார். அனந்தநாராயணன். பின்னால் அவருடைய கார், போன வருஷம் வாங்கியது, பளபளவென்று.

"நல்லகாமன் சார், பையனுக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். சம்பந்தியாத்திலே சர்டிபிகேட் இல்லாம மாப்பிள்ளை அழைப்பே கூடாதுங்கறா. எஞ்சினைக் கழட்டியாச்சு. பத்துப் பேரை வெச்சுத் தள்ளிண்டு வந்தேன், மதுரைக்கு அந்தப் பக்கம் ஒத்தக்கடையிலேர்ந்து."

நல்லகாமன் நிமிரவில்லை. "விண்ணப்பம் மூணு பிரதி. கழட்டுன எஞ்சினைக் கூடவே கொண்டாரணும்."

"எஞ்சின் எங்காத்திலே இருக்கே. புதன்கிழமைக்குள்ளே..."

"எஞ்சினை ஏத்திட்டு வாரது மாடு சம்பந்தப்பட்டது. அடுத்த மேஜையில போய் நில்லுங்க. வாரேன்."

அனந்தநாராயணன் அடுத்த மேஜை எதிரில் போய் நின்றார். நல்லகாமன் காப்பி குடிக்கப் போனார். நாங்களெல்லாம் வரிசையில் நின்றோம். வரிசை என்று ஒன்று இருந்தால் நிற்கத்தானே வேண்டும்? கொட்டகையில் நின்ற சிவப்புக் காரின் பின் சீட்டில் கோழி கொக்கரித்தது. அந்த முட்டை யாருடையது என்று மேலிடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

காப்பி குடித்துவிட்டு நல்லகாமன் திரும்பி வந்தபோது வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி, அவசரம் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டு முன்னால் வந்திருந்தாள். ராமக்காள். அவளிடம் கார் கிடையாது. அவள் மாமனார் காலத்து மாட்டு வண்டி ஒன்றுதான் இருந்தது. மகன் கல்யாணத்துக்கு அதில்தான் ஊர்வலம் விடப் போகிறாள். ஆனால் பெண் வீட்டில் சான்றிதழ் கேட்கிறார்கள்.

"அண்ணே, இதுலயும் எஞ்சின் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கண்ணே."

நல்லகாமன் வண்டியைச் சுற்றி வந்தார். மூன்று சுற்று. குனிந்து அச்சாணியைப் பார்த்தார். ஸ்டாம்பைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார்.

"இல்லைங்கிறது தெரியுது ராமக்கா. கழட்டுன எஞ்சின் எங்க?"

ராமக்காள் வீட்டில் இப்போது எல்லோரும் எஞ்சினைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பரண் முடிந்துவிட்டது, வைக்கோல் படப்புப் பாக்கி. கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்பதால் நாங்களும் கூடப்போய்த் தேடுகிறோம்.